காவேரிப்பட்டணத்திலிருந்து ஓர் இரவுக் கடற்கரைப் பயணம்: வயதானவர்களோடு எங்கே போகலாம்?

தோப்புவீட்டு மகள் எழுதியது:

வணக்கம். நானும் கணவரும் பெங்களூருவில் வேலை பார்க்கிறோம். அப்பா, அம்மா இருவரும் கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்துக்கு அருகே மாந்தோப்பில் இருக்கிறார்கள். பருவம் முடிந்து, மண்டிக் கணக்கும் கூழ் ஆலைக் கணக்கும் தீர்ந்து, இப்போதுதான் அவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு. ஆவணியில் ஒரு சனிக்கிழமை அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போய் ஓர் இரவு தங்கிவிட்டு ஞாயிறு திரும்ப வேண்டும் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. பெரிய தண்ணீர் என்று அவர் பார்த்தது கே.ஆர்.பி. அணையும் ஒகேனக்கல்லும்தான். சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மெரினாவைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார், இறங்க நேரமில்லை. "சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து எழும்புமாமே, அதை ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். இதை இனியும் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

ஓர் இரவுக்கு மேல் முடியாது. மாடு இரண்டு கறவையில் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா ஒரு மாலையும் ஒரு காலையும் கறந்து ஊற்றுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் அப்பா சம்மதிக்க மாட்டார். அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு. படி ஏறுவது சிரமம். மகன் இரண்டாம் வகுப்பு, தண்ணீரைக் கண்டால் நிற்க மாட்டான்.

புதுச்சேரியா, மாமல்லபுரமா? எத்தனை மணிக்குக் கிளம்புவது? அலுவலகத்தில் இருப்பவர்கள் வெள்ளி இரவே பெங்களூருவிலிருந்து நேராக ஓட்டிப்போய்விடலாம் என்கிறார்கள். பெரியவர்களை வைத்துக்கொண்டு அது சரிப்படுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பர்கூர் வேன்காரர் எழுதியது:

தங்கச்சி, நான் வாடகை வேன் ஓட்டுகிறேன். மேல்மருவத்தூர், வேளாங்கண்ணி, கல்யாணம், காதுகுத்து என்று பெரும்பாலும் வயதானவர்களை ஏற்றிக்கொண்டு போவதுதான் என் பிழைப்பு. அதை வைத்துச் சொல்கிறேன்: கரையை உங்கள் அப்பாவின் முழங்காலை வைத்துத் தேர்ந்தெடுங்கள். புகைப்படத்தில் அழகாகத் தெரிகிற கரைகளில் எல்லாம் வண்டி நிற்கும் இடத்திலிருந்து தண்ணீர் வரை மணலில் கால் புதையப் புதைய நடக்க வேண்டும். வலிக்காரர் பாதி வழியில் "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்று உட்கார்ந்துவிடுவார். அதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும். அவ்வளவு தூரம் வந்தும் அவருக்குக் கடல் கிடைக்காமல் போகிறது.

அதனால் புதுச்சேரி. காந்தி சிலை இருக்கும் கடற்கரைச் சாலை ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் நீளம், சமதளம். கடலை ஒட்டியே நடைபாதை, உட்காரத் திண்டு. மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அந்தச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். அப்பா பத்தடி நடந்து பத்து நிமிடம் உட்காரலாம். அலை அவர் முன்னாலேயே அடித்துக்கொண்டிருக்கும்.

வெள்ளி இரவு நேராக ஓட்டிப்போகும் யோசனை வேண்டவே வேண்டாம். வேலை முடிந்து வந்த கணவர் பெங்களூருவிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இரவில் ஓட்டுவதா? குழந்தையும் பெரியவர்களும் இருக்கும் வண்டி அது. வெள்ளி இரவு தோப்பு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்குங்கள்.

சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கும் கிளம்பாதீர்கள். எல்லோரும் செய்வது அதுதான். பதினொரு மணிக்குப் போய்ச் சேருவீர்கள், அறை கிடைக்காது, நல்ல வெயில், கருங்கல் கொதிக்கும், பெரியவர்கள் காரிலேயே வெந்து போவார்கள். மாலை வருவதற்குள் எல்லோருக்கும் அலுப்பும் எரிச்சலும் வந்துவிடும். ஓர் இரவுப் பயணத்தில் கடல் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு வேளை மட்டும்: சனி மாலை, ஞாயிறு காலை. அந்த இரண்டு வேளையில் உடம்பு தெம்பாக இருந்தால் போதும். ஆகவே, அப்பா காலைப் பாலைக் கறந்துவிட்டு, வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ஒன்பதரை, பத்து மணிக்குக் கிளம்புங்கள். தன் கையால் கறந்துவிட்டு வந்தால் அவர் மனமும் நிம்மதியாக இருக்கும்.

நீங்கள் கிருஷ்ணகிரி வரை போய்ச் சுற்ற வேண்டியதில்லை. போச்சம்பள்ளி வழியாக மத்தூர் போய்விட்டால் ஊத்தங்கரைச் சாலை பிடித்துவிடலாம். பிறகு சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம், புதுச்சேரி. கிருஷ்ணகிரியிலிருந்து கணக்குப் போட்டால் இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நிறுத்தி நிறுத்திப் போனால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். திருவண்ணாமலையில் மதியச் சாப்பாடு. செஞ்சியைத் தாண்டும்போது மலைமேல் கோட்டை தெரியும். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் அங்கிருந்து கொண்டுவந்தவை என்பார்கள். பையனிடம் இதைச் சொல்லி வையுங்கள், மாலையில் போய் எண்ணட்டும்.

தேதியைப் பற்றி. பௌர்ணமி அன்று போகாதீர்கள். திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டம். வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், புறவழிச் சாலையிலும் ஊர்ந்துதான் போக வேண்டும். ஆனால் பௌர்ணமி கழிந்து இரண்டு நாள் விட்டு வரும் சனிக்கிழமை கிடைத்தால் விடாதீர்கள். நிலவு ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் போலத் தாமதமாக எழும். பௌர்ணமி அன்று சூரியன் மறையும்போதே எழுந்துவிடும், வெளிச்சத்தில் வெளிறித் தெரியும். இரண்டு நாள் கழித்து என்றால் ஏழரை, எட்டு மணி வாக்கில், நன்றாக இருட்டிய பிறகு, கடலுக்குள்ளிருந்து செக்கச் சிவந்து வரும். சூரியன் எழுவதைப் பார்க்க ஆசைப்படும் உங்கள் அம்மா அதற்கு முன்பே நிலவு எழுவதைப் பார்த்துவிடுவார். நான் ஏற்றிப்போகும் பெரியவர்களுக்கு அதைக் காட்டாமல் சாப்பிட அழைத்துப்போவதில்லை.

ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய சனி, ஞாயிறு வேண்டாம். விடுமுறைக் கூட்டம் ஒரு பக்கம், அன்றே ஸ்ரீ அரவிந்தர் பிறந்தநாளும் என்பதால் ஆசிரமத்துக்கு வருபவர்கள் இன்னொரு பக்கம். அறை கிடைப்பதே பாடு.

அறை கடற்கரைச் சாலையிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருக்கட்டும். வாடகை கூடத்தான், அதில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். காலை ஐந்தே காலுக்கு எழுந்து, பெரியவர்களைக் காரில் ஏற்றி, வண்டி விடாத சாலைக்கு வெளியே இடம் தேடி நிறுத்திக்கொண்டிருந்தால் சூரியன் உங்களுக்காக நிற்காது. ஆவணியில் அங்கே ஆறு மணியை ஒட்டி உதயம். ஐந்தரைக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். அடிவானம் நிறம் மாறுவதே பாதிக் காட்சி.

---

அரூர் தமிழாசிரியை எழுதியது:

வேன்கார அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், உங்கள் ஊர் காவேரிப்பட்டணம் என்பதால்.

உங்கள் ஊரை ஒட்டி ஓடுவது தென்பெண்ணை. கே.ஆர்.பி. அணையில் தேங்குவதும் அதே தண்ணீர்தான். அது சாத்தனூர் அணைக்குப் போய், திருக்கோவிலூரைக் கடந்து, கடலூருக்கு அருகே தாழங்குடா பக்கம் கடலில் கலக்கிறது. புதுச்சேரியிலிருந்து கடலூர் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். ஊருக்குள் நுழையும் முன் ஆல்பேட்டை அருகே பெண்ணையாற்றுப் பாலம் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவை அந்தப் பாலத்தருகே அழைத்துப்போய், "நம் தோப்புக்குப் பாய்கிற ஆறு இங்கேதான் வந்து சேர்கிறது" என்று காட்டுங்கள். வாழ்நாள் முழுக்க அந்தத் தண்ணீரில் மரம் வளர்த்தவருக்கு அது போய்ச் சேரும் இடத்தைப் பார்க்கும் உரிமை இருக்கிறது. நான் என் மாமியாரை அழைத்துப்போனேன்; அவர் பாலத்தின் மேலிருந்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரையும் இருக்கிறது, வெள்ளிக் கடற்கரை என்பார்கள். அகலமான மணல். புதுச்சேரி அளவுக்குக் கூட்டமும் விலையும் இல்லை. திரும்பும்போது பண்ருட்டி, திருக்கோவிலூர் வழியாகத் திருவண்ணாமலை வந்து பழைய சாலையைப் பிடித்துக்கொள்ளலாம். திருக்கோவிலூரில் அதே ஆற்றை மறுபடி கடப்பீர்கள். பண்ருட்டியில் முந்திரி வாங்காமல் வராதீர்கள்.

எங்களைப் போல அரூர்ப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு: தானிப்பாடி, தண்டராம்பட்டு வழியாகவே திருவண்ணாமலை போய்விடலாம், ஊத்தங்கரை போக வேண்டாம்.

---

தர்மபுரி பயணி எழுதியது:

மாமல்லபுரத்தை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். கடற்கரைக் கோயில் போல ஒன்று புதுச்சேரியில் கிடையாது. பல்லவர் காலத்துக் கோயில் அலைச் சத்தத்தில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிற்கிறது. 1984இல் யுனெஸ்கோ அந்த ஊரின் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வாணியம்பாடி, வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் பெரும்பகுதி நான்குவழி, ஆறுவழிச் சாலை. தொலைவு கொஞ்சம் கூடினாலும் குலுங்காமல் போகலாம். பையனுக்கு அர்ச்சுனன் தபசில் தவம் செய்யும் பூனையைக் காட்டுங்கள். என் பிள்ளைகள் கடலைவிட அதைத்தான் ரசித்தார்கள்.

---

பர்கூர் வேன்காரர் எழுதியது:

தம்பி, மாமல்லபுரம் எனக்கும் மிகவும் பிடித்த ஊர். ஆனால் அங்கே போனால் ஐந்து ரதம், தபசு, கோயில் என்று பார்க்காமல் வர முடியாது. எல்லாம் வெயிலில் நடை. இரண்டு இரவு இருந்தால் நானே அங்குதான் போகச் சொல்வேன். இந்தத் தங்கச்சிக்கு இருப்பது ஓர் இரவு, மாடு கறக்கும் கணக்கில். அந்த அம்மா கேட்டது கோயிலை அல்ல, சூரிய உதயத்தை. கேட்டதை அலுப்பில்லாமல் கொடுத்துவிட்டால் போதும்.

அரூர் ஆசிரியையின் யோசனை எனக்குத் தோன்றவில்லை. இனி நம் பக்கத்து ஆட்களை ஏற்றிப்போனால் நானும் அந்தப் பாலத்தில் நிறுத்துவேன்.

---

தோப்புவீட்டு மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெண்ணையாறு கடலில் கலக்கும் இடம் அவ்வளவு பக்கம் என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடம் சொன்னேன், "அப்படியென்றால் நம் வீட்டிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் எடுத்துப்போகலாமா" என்கிறார்.

புதுச்சேரி என்று முடிவு செய்துவிட்டோம். இன்னொரு சந்தேகம். மகன் தண்ணீரில் இறங்காமல் இருக்க மாட்டான். காற்றடைத்த வளையம் ஒன்று வாங்கிவைத்திருக்கிறோம். அது போதுமா? எங்கே இறக்கலாம்?

---

கடலூர்ப் பையன், ஒசூர் எழுதியது:

அக்கா, முதல் வேலையாக அந்த வளையத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

நான் தேவனாம்பட்டினத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவன், இப்போது ஒசூரில் தொழிற்சாலை வேலை. ஆடி, ஆவணியில் எங்கள் கரையில் காலையில் கச்சான் அடிக்கும். அது மேற்கிலிருந்து, கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்று. அந்த நேரத்தில் அலை அடங்கி, கடல் குளம் போலத் தெரியும். பார்ப்பவர்களுக்குத் தைரியம் வந்துவிடும். ஆனால் காற்றடைத்த எதுவாக இருந்தாலும், வளையமோ பந்தோ, அந்தக் காற்று அதை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். பிள்ளை வளையத்தில் இருந்தால் பிள்ளையோடு போகும். பந்து போனாலும் அதைப் பிடிக்கப் பெரியவர்கள் பின்னால் நீந்துவார்கள். எங்கள் ஆட்கள் படகை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

காந்தி சிலைப் பக்கம் குளிக்க இறங்கக்கூடாது. அங்கே இருப்பது கருங்கல் கொட்டிய கரை. பாசி வழுக்கும், அலை திரும்ப இழுத்துக் கல்லில் மோதும். ஒரு காலத்தில் அங்கே மணல் இருந்தது. எங்கள் கடலில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர் நீட்டியபின் மணல் அதற்குத் தெற்கிலேயே தங்கிவிட்டது, வடக்கே கரை அரித்துப்போனது. இப்போது தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கியபின் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் அது பிள்ளையை இறக்கும் இடமில்லை.

மணலுக்கு, துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கும் சின்ன வீராம்பட்டினத்தில் ஈடன் கடற்கரைக்குப் போங்கள். தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றை 2021இல் வாங்கிய கரை அது. கழிப்பறை, நன்னீரில் குளிக்கும் வசதி, உயிர்காப்பாளர் எல்லாம் அந்தச் சான்றுக்கு வேண்டியவை. திறக்கும் நேரத்தை முந்தின நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையிலிருந்து போகும் பாரடைஸ் கடற்கரையும் அழகுதான், ஆனால் ஞாயிறன்று படகுக்கு நீண்ட வரிசை. உங்கள் அப்பாவுக்கு ஏறி இறங்குவதும் கஷ்டம். ஆடி வெள்ளியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடும். அந்த நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அந்தப் பக்கம் நுழையவே முடியாது.

தண்ணீரில் பையனுக்கு முழங்கால் அளவு. உங்கள் முழங்கால் இல்லை, அவனுடையது. ஒருவர் அவனுக்குக் கடல் பக்கமாக, அலையைப் பார்த்து நிற்க வேண்டும். கரைப் பக்கம் நின்று புகைப்படம் எடுப்பது காவல் ஆகாது. எங்கள் கரை சட்டென்று ஆழமாகும். அலைகள் உடைந்து நுரைக்கும் வரிசையில் நடுவே ஓர் இடத்தில் மட்டும் நுரை இல்லாமல், கலங்கலாக, அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் திரும்பப் போகிற வழி அது. தெரியாமல் அதில் யாராவது மாட்டிக்கொண்டால், கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தினால் களைத்துவிடுவார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பு விட்டுவிடும். இதைக் கணவருக்கும் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு: இருவர் கையைப் பிடித்துக்கொள்ள, பாதம் நனையும் இடத்தில் நிற்கட்டும். அலை திரும்பும்போது காலடி மணல் நழுவும், பழக்கமில்லாதவர்களுக்குத் தலை சுற்றும். கண்ணை அலையில் வைக்காமல் தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள், நிலைத்து நிற்பார். புடவையைக் கணுக்காலுக்கு மேல் செருகிக்கொள்ளட்டும். நனைந்த புடவை கனக்கும்.

மீன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆவணியில் அந்தக் கவலை இல்லை, சங்கரா, நெத்திலி எல்லாம் நன்றாகக் கிடைக்கும். அணை மீன் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு முதலில் நெத்திலி வறுவல் கொடுங்கள், முள் தொந்தரவு இல்லை.

---

அரூர் தமிழாசிரியை எழுதியது:

செம்புத் தண்ணீர் கட்டாயம் எடுத்துப்போகச் சொல்லுங்கள்!

தேதி தள்ளிப்போனால் ஐப்பசி, கார்த்திகையில் போக வேண்டாம். தை மாதத்துக்குப் பிறகு பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அந்த மழை ஊத்தங்கரையில் மட்டும் ஐம்பது சென்டிமீட்டர் கொட்டியது. கடற்கரையும் நீங்கள் போகும் சாலையும் ஒரே புயலில் அடிபட்டன. அந்த வெள்ளத்தைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

---

தோப்புவீட்டு மகள் எழுதியது:

வளையத்தை எடுத்து வைத்துவிட்டேன். தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

திரும்பும் நேரம்தான் இன்னும் குழப்பம். திங்கள் காலை இருவருக்கும் அலுவலகம். ஞாயிறு எத்தனை மணிக்குப் புதுச்சேரியை விட வேண்டும்?

---

பர்கூர் வேன்காரர் எழுதியது:

உதயம் பார்த்துவிட்டு அறைக்குப் போய்ப் பெரியவர்களுக்கு டிபன். ஈடன் கடற்கரையில் பையன் ஆடுவது ஒன்பதரைக்குள் முடியட்டும். அதற்குப் பிறகு மணல் சுடும். நம் ஊர் வெயிலில் வியர்வை காய்ந்துவிடும், அங்கே காயாது, உடம்பு பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். பெரியவர்கள் அதில்தான் சோர்ந்துபோவார்கள். கரையிலேயே நன்னீரில் குளித்து, பருத்தித் துணி மாற்றி, கடலூர்ப் பாலத்துக்குப் பதினொரு மணிக்குள் வந்துவிடுங்கள். நடுவில் சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்தாலும் மாலை ஆறு மணிக்குத் தோப்பில் இருப்பீர்கள். அப்பா அன்று மாலைக் கறவையைத் தானே பார்ப்பேன் என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். ஒரு மாலை, ஒரு காலை என்றுதானே சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

ஞாயிறு இரவே பெங்களூருவுக்கு ஓட்டாதீர்கள். அத்திப்பள்ளியிலிருந்து சில்க் போர்டு வரை ஊருக்குத் திரும்புகிறவர்கள் கூட்டம் நகராது. தோப்பிலேயே படுத்து, திங்கள் அதிகாலை நான்கு, நாலரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் போய்விடலாம், கணவரும் தூங்கி எழுந்து ஓட்டுவார்.

அறை பதிவு செய்யும்போது தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: தரைத்தளமா அல்லது லிஃப்ட் இருக்கிறதா, கழிப்பறையில் உட்காரும் வசதி இருக்கிறதா. "எல்லாம் இருக்கிறது" என்பார்கள். அறையின் புகைப்படத்தையும் கழிப்பறையின் புகைப்படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.